நீலம் வரும்வரை

என் கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று மதராஸ் டாக்டர் சொன்னது எழுபதுகளின் நடுவில். அவருக்கு அப்போது நாற்பது வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். தள்ளிப்போடப் போட ஆபத்து என்றார் டாக்டர். ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்ததால், சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க மாட்டேன், புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

சர்க்கரை பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் என்றால் மோசம். எங்களுக்குத் தினமும் செங்கல்தான். கம்பவுண்டர் காலையில் வந்து ஊசி போட்டுவிட்டு, நான் நோட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

நான் விட்டேனா? அரிசியை நிறுத்தினேன். காலையில் கேழ்வரகுக் களி, மதியம் கீரை, ராத்திரி கோதுமை தோசை. பாகற்காய் விற்பவர் எங்கள் தெருவுக்கென்றே தனிக் கூடை கொண்டுவர ஆரம்பித்தார். ஆனாலும் மதராஸுக்குப் போன இரண்டு தடவையும் டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஊசி மருந்தின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கண்காணித்தேன். சட்டைப் பையைத் துழாவினேன். டீக்கடைக்காரரிடம் போய், "என் வூட்டுக்காரருக்குச் சர்க்கரை போட்டுக் குடுத்தீங்களா?" என்று சண்டைக்கு நின்றேன். அந்த மனிதர் பாவம், இவர் கடைக்கு வந்தே மாசக்கணக்காகிறது என்றார். கடைசியில் என் கணவரையே நிற்க வைத்துக் கேட்டேன்.

"கொளஞ்சியப்பர் மேல சத்தியமா, மிட்டாயோ லட்டோ வாயில வெச்சதில்லடி" என்றார்.

முருகன் கொளஞ்சியப்பர்மேல் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. நம்பினேன். அப்புறம் என் சமையலையே சந்தேகப்பட்டு, கீரையில் போடும் வெங்காயத்தைக்கூடக் குறைத்தேன்.

ஒரு நாள் கால் வீக்கம் என்று அவர் வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் அவரோடு பீங்கான் கம்பெனியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அண்ணன் பங்கு, அண்ணி. இன்னிக்கு வரலன்னாலும் எடுத்து வெச்சோம்."

பிரித்தேன். கை நிறைய வெல்லம்.

கம்பெனியில் கல் அரைக்கும் கொட்டகையில் வெள்ளைத் தூசி மாவாகப் பறக்கும். அது நெஞ்சில் தங்காமல் இருக்க, வேலை முடிந்ததும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் தின்றுவிட்டுத் தண்ணீர் குடிப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். என் கணவரை உட்கார்ந்து கோப்பை அடுக்கும் வேலைக்கு மாற்றிய பிறகும் அந்தப் பங்கு நிற்கவில்லை. நெஞ்சு நோய்க்காரர் ஆயிற்றே என்று அவருக்கு மட்டும் பெரிய கட்டியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

"அது தீனியா? தூசிக்கு மருந்து" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல். வந்த தம்பிக்கு முன்னாலேயே நான் திட்டிய திட்டு தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அந்தத் தம்பி அழுதுவிட்டார்.

வெல்லம் நின்றது. ஊசியைக் குறைக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் முற்பகலில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, அவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. கம்பவுண்டர் ஓடி வந்து, "சர்க்கரை கரைச்சுக் குடுங்கம்மா, சீக்கிரம்!" என்று கத்தினார். சர்க்கரையே இல்லாமல் வைத்திருந்த வீடு. பக்கத்து வீட்டில் வாங்கி வந்து டம்ளரில் கரைத்து ஊட்டினேன். கோபத்தில் ஆளையே கொன்றிருப்பேன். அப்புறம் டாக்டருக்கு எழுதிக் கேட்டு ஊசி மருந்தைக் குறைத்தோம். ஒரு மாசம் போவதற்குள் குழாயில் பச்சை வந்தது, பிறகு நீலம். ஆபரேஷனுக்கு நாள் குறித்தார் டாக்டர்.

ஜங்ஷனில் மதராஸ் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெல்லமும் சர்க்கரைதான்னு எனக்குத் தெரியாதா? குழாயில செவப்பா இருக்கிற வரைக்கும் நெஞ்சைக் கிழிக்க மாட்டாங்கல்ல. அவ்ளோ பயமா இருந்துச்சிடி."

எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை நானும் சொன்னேன்.

"டாக்டர் அடுத்த மாசம் வாங்கன்னு அனுப்பினாருல்ல, ரெண்டு தடவையும் எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாதாங்க இருந்துச்சு. இன்னும் ஒரு மாசம் நீங்க வூட்டுல இருப்பீங்கன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப ஏன்டி என்னை அந்தத் திட்டுத் திட்டின?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே எனக்குக் கண்ணீரும் வந்தது. ரயில் வந்து நின்றதும் அவர் முதலில் ஏறி, கை கொடுத்து என்னை ஏற்றிக்கொண்டார்.

ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்து இன்னும் பல வருஷம் இருந்தார். ஏன் திட்டினாய் என்ற அந்தக் கேள்வியை மட்டும் விடவே இல்லை; நான் எதற்குக் குரலை உயர்த்தினாலும் கேட்பார். கடைசிவரை நான் பதில் சொல்லவில்லை. பயத்தில்தான் திட்டினேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.