ஒரே கதவில் ஆறு மனேஜர்கள்

விமானத்தின் வாலில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். என் சட்டைப்பையிலும் அதே பெயர்தான். வேலைக்கு வைத்திருப்பது மட்டும் ஒப்பந்தம் எடுத்த ஒரு சின்னக் கம்பெனி. குறை சொல்லப் போனால் பெரிய கம்பெனிக்காரர், "நீங்கள் எங்கட ஆக்கள் இல்லை" என்பார்கள். சின்னக் கம்பெனிக்காரர், "விதி அவையின்ர, நாங்கள் என்ன செய்யிறது?" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். விமானமும் ஓட்டுகிறேன். ஆனாலும் நான் யாருடைய ஆள் என்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த இன்றுவரை முடியவில்லை.

எங்களில் மூத்த கப்டன் ஒரு பின்னேரம், "களைச்சுப் போனன், இன்னொருக்காக் கொழும்புக்குப் பறக்க ஏலாது" என்றார். களைத்தவர் பறக்கக்கூடாது என்று நாங்கள் படித்த புத்தகமே சொல்கிறது. கம்பெனியும் அவரை நன்றாக ஓய்வெடுக்க விட்டது. மறுநாளிலிருந்து, யார் எப்போது பறப்பது என்று போடும் ரோஸ்டரில் அவர் பெயரே இல்லை.

அவரைத் திரும்பக் கொண்டுவரச் சங்கம் அமைப்பது என்று முடிவெடுத்தோம். பதிவதற்கு ஏழு பேர் வேண்டும். நாங்கள் எட்டுப் பேர். லிங்கநகரில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூட்டம். அதிக நேரம் பறந்தவர்தான் முதலில் கதிரையில் இருப்பார், முதலில் பேசுவார் என்பது விமானிகளின் வழக்கம். எங்கள் வீட்டில் கைபிடி வைத்த கதிரை ஒன்றுதான். கப்டன் அதைத் தள்ளிவிட்டு வாசற்படியில் இருந்துவிட்டார். அடுத்த இருவர் அதற்காகத் தங்கள் பறந்த மணித்தியாலங்களை ஒப்பிடத் தொடங்கினார்கள். அது ஓய்ந்ததும் பெயர்ப் பிரச்சினை.

"சங்கம் எண்டா ஹார்பர் ஆக்கள் வைக்கிறது. நாங்கள் விமானிகள்" என்றார் கதிரையைப் பிடித்தவர். ஹார்பரில் மூட்டை சுமந்த என் அப்பா முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் பெரிய ஆள் எண்டு முடிஞ்சாச் சொல்லுங்கோ. தேத்தண்ணி ஆறுது" என்றா அம்மா.

கம்பெனி எங்களைவிட எங்களை நன்றாக அறிந்திருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மனேஜர் ஆக்கியது. ஒருவர் பாதுகாப்பு, ஒருவர் பயிற்சி, ஒருவர் எரிபொருள். மனேஜர்கள் சங்கத்தில் சேரக்கூடாது என்பது கம்பெனியின் விதி. சம்பளம் கூடவில்லை, தனி அறையும் இல்லை. விமானிகளின் பழைய அறையின் ஒரே கதவில் ஆறு பெயர்ப்பலகைகள். வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். எவருடைய பலகை மேலே என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மேலதிகாரி என்னையும் கூப்பிட்டார். "மிஸ், நீங்கள் இனி ரோஸ்டர் மனேஜர். அந்தச் சங்கக் கதையை விடுங்கோ."

"ஓம் சேர். அப்ப ரோஸ்டரை நானே போடலாமோ?"

"நீங்கள்தானே மனேஜர்."

மறுநாள் காலை முதல் விமானத்துக்குக் கப்டனின் பெயரைப் போட்டேன். துணை விமானி நான். துறைமுகத்துக்கு மேலே ஏறியபிறகுதான் அவர் கேட்டார். "பிள்ளை, இது ஆற்ர வேலை?"

"மனேஜரின்ர வேலை, கப்டன்."

கொழும்பில் இறங்கும்போது நான் மனேஜர் இல்லை. கப்டனின் பெயரும் மறுபடி ரோஸ்டரில் இல்லை. பரவாயில்லை, சங்கத்துக்கு இரண்டு பேர் தேறினோம்.

அடுத்த நாள் பின்னேரம் பாதுகாப்பு மனேஜர் வீட்டுக்கு வந்தார். அன்று கதிரையைப் பிடித்தவர் அவர்தான். இம்முறை வாசற்படியிலேயே இருந்தார்.

"தங்கச்சி, ரோஸ்டரை இப்ப எனக்குத் தந்திருக்கினம்" என்றார். அம்மா தந்த தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "கப்டன்ர பேரை எந்த பிளைட்டுக்குப் போட்டனீங்கள்?"

"காலமை முதல் பிளைட்டுக்கு" என்றேன்.