கரையைக் காட்டிய பன்னிரண்டு நொடிகள்

போன வருஷம் முழுக்கக் காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, என் நண்பனின் பக்கத்தைத் திறந்து அவனை இன்றைக்கு எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்ப்பது. பல் தேய்ப்பது அதற்குப் பிறகு. என் பக்கத்தைப் பார்க்க அவசரம் ஒன்றும் இல்லை. நேற்றிருந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் இன்றும் பத்திரமாக இருப்பார்கள். பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதிப்பேர் அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள்.

நான் தூத்துக்குடியில் கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கிற ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவன் தருவைகுளத்தில் அண்ணனோடு சேர்ந்து வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு. வீடியோ போடுகிற ஆசை முதலில் வந்தது எனக்குத்தான். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்டு வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஸ்டாண்டு, சட்டையில் குத்துகிற மைக், வட்ட விளக்கு எல்லாம் வாங்கினேன். பொரிச்ச புரோட்டாவைப் பற்றிப் பேசினேன், மக்ரூனைப் பற்றிப் பேசினேன், கப்பல்களைப் பற்றிப் பேசினேன். கப்பலுக்குப் பக்கத்தில் போய் எடுக்க விடமாட்டார்கள் என்பதால் அது என் தோளுக்குப் பின்னால் தலைவலி மாத்திரை அளவில் தெரியும். ஒவ்வொரு தடவையும் "வணக்கம் நண்பர்களே" என்றுதான் ஆரம்பிப்பேன். என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்பாள்: "ஏங்க, யாரு அந்த நண்பர்கள்? வீட்டுக்கு வந்தா காப்பி போடணும்லா?"

அவன் ஆறு மாதம் கழித்துத் தொடங்கினான். ஸ்டாண்டு கிடையாது, மைக் கிடையாது. ஒரு கையில் களவா மீன், மறு கையில் செதில் ஒட்டிய போன். "மக்கா, இங்கன பாருங்க. இவன் மூஞ்சியும் எங்க மாமனார் மூஞ்சியும் ஒண்ணுதான். நான் சொன்னேன்னு அங்கன சொல்லிராதீங்க." அவ்வளவுதான் வீடியோ. நான்கு மாதத்தில் நாற்பதாயிரம் பேர்.

எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது, அவ்வளவு எரிந்தது. அவனுக்குக் காமிராக் கோணமே தெரியவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எப்போது பார்த்தாலும் திறந்த கடலைப் பார்த்தே எடுப்பான். விடியற்காலைச் சூரியன் நேரே லென்ஸில் அடிக்கும், ஆள் முகம் கரிக்கட்டையாக இருக்கும். வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, "ஆடியோ கிளியராக இல்லை" என்று எழுதினேன். அவன் உடனே பதில் போட்டான்: "நன்றி அண்ணாச்சி, சரி பண்ணிருதேன்." மறுவாரம் ஆடியோ நன்றாக இருந்தது. பத்தாயிரம் பேர் கூடினார்கள்.

இனி வேறு வழியில்லை என்று அவனிடமே போய் நின்றேன். "ஏலே, ஒரு நாள் என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போ. நானும் ஒரு வீடியோ எடுக்கேன்."

"வாலே. இதுக்குப் போயி கேக்கணுமா" என்றான். கொஞ்சமாவது யோசித்திருக்கலாம் அவன்.

ஒரு சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். வள்ளத்தில் ஏறும்போது அவன் அண்ணன் சொன்னார்: "மீன எடுங்க தம்பி, எங்க மூஞ்சிய எடுங்க. அது போதும்." இவர்கள் குடும்பத்துக்கே கலையுணர்ச்சி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். கரையிலிருந்து புறப்பட்டுப் பத்து நிமிஷத்தில் வாந்தி எடுத்தேன். அதையும் நண்பன் படம் பிடித்தான், ஆனால் போடவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்; போட்டிருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அவர்கள் நிறுத்திய இடத்துக்கு அடியில் பார் இருந்தது, அதாவது கடலடிப் பாறைத் திட்டு. தூண்டில் போட்ட மாத்திரத்தில் விளமீன் ஏறியது. பெட்டி நிறைய நிறைய வீடியோ எடுத்தேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். காலை வெயில் கரை முழுவதையும் பொன்னாக்கியிருந்தது. மாதா கோயில் கோபுரம், அதற்கு நேர் பின்னால் ஒட்டினாற்போல ஊர்த் தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து போனை மெல்லத் தெற்கே நகர்த்தினேன். தீவின் முனை, அந்த முனையை உரசிக்கொண்டு அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டு. பன்னிரண்டு நொடி. கை நடுங்கவே இல்லை.

சனிக்கிழமை மாலையே வீடியோவைப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் என்னைப் பின்தொடர்கிறவர்கள் மூவாயிரத்தைத் தாண்டினார்கள். அதிலும் ஆப் காட்டிய கணக்குப்படி, அந்தக் கரைக் காட்சியை ஜனங்கள் நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தார்கள். ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணே, கரையைக் காட்டுன இடம் சூப்பர். இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்." மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "ரசனை உள்ளவர்" என்றேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருக்கும்போது நண்பன் கூப்பிட்டான். "ஏலே, அந்த வீடியோவ எடுத்துரு."

அந்த ஒரு கணம் நான் அனுபவித்த ஆனந்தத்தை மறைக்க விரும்பவில்லை. அவனுக்குப் பொறாமை. கடைசியில் அவனுக்கு என்மேல் பொறாமை.

"ஏன்ல, எரியுதோ?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "காலைல போயி பாக்கேன், நம்ம பார் மேல பதினெட்டு வள்ளம் நிக்கி. தொட்டியும் கோபுரமும் ஒண்ணாத் தெரியணும், புகைக்கூண்டு தீவுல முட்டணும். ரெண்டும் சேந்து அமையுத இடம் கடல்ல ஒண்ணே ஒண்ணுதாம்ல. எங்க அப்பா பாத்து வச்ச இடம். ஜி.பி.எஸ். நம்பர கெட்டுன பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டோம். நீ ரெண்டையும் வரிசையா காட்டிட்ட."

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. அவன் சூரியனுக்கு எதிராகவே எடுத்தது கோணம் தெரியாமல் அல்ல. கரை தெரியக்கூடாது என்றுதான். தருவைகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து ஊரே வீட்டில் உட்கார்ந்து என் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறது. என் ரசிகர்களில் கணிசமானோர் நிஜத்தில் வள்ளம் வைத்திருப்பவர்கள்.

"அதான் எல்லாரும் பாத்துட்டானுவளே. இனி எடுத்து என்ன ஆவப்போவுது?" என்றேன். இப்படியும் கேட்க எனக்கு வாய் இருந்தது.

"உள்ளூர்க்காரன் பாத்தது போவட்டும். வெளியூர் வள்ளம் வாரதுக்குள்ள எடுத்துருல. அண்ணன் காலைலேருந்து பேச மாட்டேங்கான்."

எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம்வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் பன்னிரண்டு நொடியை மட்டும் வெட்டிவிட்டுத் திரும்பப் போடலாமா என்று பார்த்தேன். வெட்டிப் பார்த்தால், யார் வீடியோவிலும் இருக்கிற மீன் பெட்டி போக மிச்சமிருந்தது ஒரு குமாஸ்தா வாந்தி எடுத்த முகத்தோடு "வணக்கம் நண்பர்களே" என்பதுதான். மனைவிக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவங்க அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பீங்க?"

அழித்தேன். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று போன் ஒருமுறை கேட்டது. அதற்குக் கல்நெஞ்சு.

நண்பன் "சரில, நன்றி" என்று அனுப்பினான். ஒரு வசவாவது வரும் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. மூவாயிரம் பேரும் வெளியூர்ப் பஸ் ஏறுகிறவர்கள்போல ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து அவன் ஒரு வீடியோ போட்டான். வேறு இடம் தேடி மூன்று நாள் அலைந்து திரும்பிய வள்ளம். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஐஸ் மட்டும் இருந்தது. "மக்கா, இன்னைக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லி மூடினான். யாரால் இப்படி ஆயிற்று என்று ஒரு சொல் இல்லை. பின்னால் அவன் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். வெறும் பெட்டிக்கு ஊர் உலகமே ஆறுதல் சொல்லியிருந்தது. அந்தப் பெட்டியைக் காலி செய்தவன் நான் என்பது அதில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் குற்றவுணர்ச்சி வந்தது. கூடவே, அத்தனை பேர் பார்க்கிற ஒன்றில் என் பங்கு யாருக்கும் தெரியவில்லையே என்ற பழைய எரிச்சலும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள். லைக் போட்டேன். அதை எடுத்தேன். அண்ணனின் முதுகை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் போட்டேன்.