என் தாலந்து பால்தான்

என் மகளுக்கு அந்த மாதம் எடை சரியாக ஏறாமல் போனதற்கு நான்தான் காரணமா? இப்போது அவள் தவழ்ந்து போய் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவள் பிறந்த அரசு மருத்துவமனையில் என் படுக்கை விரிப்பு எப்போதும் நனைந்தே கிடந்தது. அவள் ஒரு பக்கம் குடித்தால் மறுபக்கம் தானாக வழியும். பனியன் வேஸ்ட் துணியை மடித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். திருப்பூரில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. அதைப் பார்த்த நர்ஸ், "ஏனுங்க கண்ணு, இத இப்படி வீணா உடறீங்களே. மேல தாய்ப்பால் வங்கி இருக்குதுங்க. கொறை மாசத்துல பொறந்த பாப்பாங்களுக்குக் குடுக்கலாமுங்க. உங்க பாப்பா குடிச்ச மிச்சம் போதுமுங்க எங்களுக்கு" என்றார்.

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் வாரத்தில் இரண்டொரு நாள் போய், அங்கேயே பம்ப்பில் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். அது எந்தக் குழந்தைக்குப் போகிறது என்று சொல்ல மாட்டார்கள். குறைமாதக் குழந்தைகளை வைத்திருந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே காத்திருந்த பெண்களில் பலர், பிரசவ வலி வரும் வரை பனியன் கம்பெனியில் நின்றபடியே செக்கிங் பார்த்தவர்கள். சிலர் இந்தியில் அழுதார்கள்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எனக்குத் துணையாக வந்திருந்த மாமியாருக்கு இது பிடிக்கவில்லை.

"பிள்ளைக்குன்னு ஆண்டவர் குடுத்தத ஊருக்கு ஊத்துதியே. நாளைக்கு இவளுக்கு எங்க போவ?"

"எடுக்க எடுக்கத்தான் ஊறும் அத்தை. டாக்டரே சொன்னாங்க."

"நீ எம்.காம்தான படிச்ச. டாக்டருக்குப் படிச்ச மாதிரி பேசுத."

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அவர் தூங்கிய பிறகு அதையே ஃபோனில் மறுபடி தேடிப் படித்தேன்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் வருடத் தொடக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவராக எழுந்து, ஆண்டவர் தனக்குக் கொடுத்த தாலந்து, அதாவது வரமாக வந்த திறமை எது, அதை அந்த வருடம் எப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஓவர்லாக் மெஷின் வைத்திருக்கும் அக்கா, பாடகர் குழுவுக்கு அங்கி தைப்பதாகச் சொன்னார். இன்னொருவர் சபையின் அசன விருந்துக்குச் சாம்பார் தன் பொறுப்பு என்றார். நான் எப்போதும் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஓய்வுநாள் பள்ளி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"எனக்குப் பால் நிறைய இருக்கு. பெரியாஸ்பத்திரியில குறைமாசக் குழந்தைகளுக்குக் குடுக்கேன். இந்த வருஷம் அதுதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப இனிமே பால்காரம்மான்னு கூப்பிட்டுரலாம்" என்றது. சிரிப்பு பரவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை தலைகுனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கூட்டத்தை நடத்திய பாஸ்டரின் மனைவி, எங்கள் பாஸ்டரம்மா, கோபிக்கவில்லை. "அது உடம்பு சம்பந்தப்பட்டது இல்லியாம்மா. தாலந்துன்னா வேற. நீதான் பிள்ளைகளுக்கு அருமையாப் பாடம் எடுப்பியே, அதையே நோட்டுல போட்டுக்கிடுதேன்."

"வேண்டாம் பாஸ்டரம்மா. இதையே போடுங்க."

உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டேன். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றவில்லை. பாடுகிற குரலைக் கர்த்தர் கொடுத்தார், தைக்கிற விரலைக் கர்த்தர் கொடுத்தார், இதை மட்டும் வேறு யார் கொடுத்தார்?

பஸ்ஸில் அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். இறங்கும்போது மட்டும், "ஆம்பிளைங்க காதுக்குப் போகாதுன்னு நினைச்சியா?" என்றார்.

அடுத்த தடுப்பூசி நாளில்தான் அது நடந்தது. மகளைத் தராசில் கிடத்தினார்கள். ஏறியிருந்தது மிகக் கொஞ்சம். பிரசவத்துக்கு முன்பு நான் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தவள். துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்து, சில கிராம் குறைந்தாலே மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லி மெயில் போட்டவள். எடை குறைந்தால் அதற்கு ஒருவர் பொறுப்பு என்றுதான் என் மூளை பழகியிருந்தது. டாக்டர் சாதாரணமாக, "சளி இருந்துச்சுல்ல, அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார். அத்தை மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தினேன். பால் நிற்கவில்லை. மகள் குடித்து முடித்த பிறகும் மார்பு கல்லாகக் கனத்தது. வலி தாங்காமல் வாஷ்பேசினில் பீய்ச்சினேன். குழாயைத் திறந்துவிட்டதும் அது வெள்ளையாகச் சுழன்று உள்ளே போனது. அந்த வாரம் முழுவதும் அப்படித்தான். பைபிள் கதையில் எஜமான் பெருக்கச் சொல்லிக் கொடுத்த தாலந்துக் காசை மண்ணில் புதைத்தவனை நினைத்துக்கொண்டேன். அவனுக்காவது எஜமான் வந்தபோது தோண்டி எடுத்துத் திருப்பிக் கொடுக்க ஏதோ இருந்தது. என்னிடம் அதுவும் இருக்காது.

வாரம் முடிந்த மறுநாள் காலை மகளுக்குத் தொப்பி போட்டுக் கிளம்பினேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"ஏன், பிள்ளைக்கு என்ன செய்யுது?"

"எந்தப் பிள்ளைக்கு அத்தை?"

திமிராகத்தான் கேட்டேன். "நாக்கு மட்டும் நல்லா வளந்திருக்கு" என்ற அத்தை, உள்ளே போய்க் குடையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "பிள்ளைக்கு வெயில் அடிக்கும்."

அடுத்த மாதம் எடை ஏறியது. சளி போனதால் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரம் நிறுத்தியதால் என்கிறார் அத்தை. இருவரில் யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை தராசில் கிடத்தும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். இப்போதும் கொடுக்கிறேன். பின்வரிசையில் இப்போதும் பால்காரம்மாதான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

பிள்ளை வளர்த்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். இன்னொரு முறை எடை ஏறாமல் நின்றால், நான் உடனே நிறுத்த வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா? உங்கள் வீட்டில் இப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்? எழுதுங்கள், உண்மையாகவே கேட்கிறேன். ஆனால் அதைச் சபையில் சொல்லியிருக்க வேண்டாம் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.