அமுதம் தட்டிய ஆறாவது காப்பி

அமுதம் டைப் அடித்தால் டெலானிபூர் மேட்டில் நடந்து போகிறவர்களுக்கும் கேட்கும். கேட்கட்டுமே! தூத்துக்குடிக் கரையிலிருந்து இந்தத் தீவுக்கு மீன்பிடிக்க வந்த குடும்பத்தில், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள். அந்த மிடுக்கு அவளிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இருந்தால் என்ன, தப்பா? ஒரே குறை, வேலை இன்னும் தற்காலிகம். எழுபதுகளின் தொடக்கத்தில் நிரந்தர டைப்பிஸ்ட் இடம் ஒன்று வந்தது. அதற்குப் பரீட்சை வைத்தார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மெயின்லாண்டிலிருந்து புது மிஷின் கப்பலேறி வந்தது. கூட வேலை பார்த்த, அதே இடத்துக்குப் பரீட்சைக்கு நின்ற சுசீலா அதைத் தொட்டதும் சொக்கிப் போனாள். "அமுதக்கா, தொட்டாலே எழுதுதுக்கா!"

அமுதமும் உட்கார்ந்து பார்த்தாள். படி இருக்கிறதென்று காலை வைத்தால் படி இல்லாத மாதிரி, விரல் சும்மா உள்ளே போனது. எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்கே தெரியவில்லை. அவள் அழுத்திய அழுத்தில் தாளில் 'ஓ' விழுந்த இடமெல்லாம் ஓட்டை. ஆபீஸே சிரித்தது.

"சிரிங்க, சிரிங்க" என்று எழுந்துவிட்டாள். அந்த மிஷின் பக்கம் அப்புறம் போகவேயில்லை.

இன்னொரு சின்ன மிஷினும் இருந்தது. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மேல். மழை பிடித்தால் நமத்த அப்பளம்; அழுத்தின பொத்தான் மேலே வரவே யோசிக்கும். அவள் கைக்குப் பழகியது பழைய இரும்பு மிஷின்தான். அதன் பொத்தான் முதலில் முரண்டு பிடிக்கும், பாதியில் இளகும், அடியில் 'டக்'கென்று விரலுக்குப் பதில் சொல்லும். அந்தப் பதில் வந்தால் எழுத்து பதிந்தது நிச்சயம். புது மிஷின் வந்ததும் அதைத்தான் கழித்துக் கட்டுவதற்காகக் கோடவுனில் போட்டிருந்தார்கள்.

பரீட்சைக்கு அவரவர் இஷ்டப்பட்ட மிஷினில் அடிக்கலாம் என்பது வழக்கம். அமுதம் ஹெட்கிளார்க் ஜம்புலிங்கத்திடம் போய் நின்றாள்.

"அரே, அந்தக் கபாடியா சாமானா? குப்பைக்குப் போறதும்மா அது."

"போறதுக்கு முந்தி எனக்கு ஒரு நாள் குடுங்க சார்."

கொடுத்தார். வேடிக்கை பார்க்கிற ஆசை அவருக்கு.

அன்று அடிக்கக் கொடுத்தது தீவுகளுக்குப் போகும் கப்பல் அறிவிப்பு. எப்போதும் போல நடுநடுவே கார்பன் வைத்து ஆறு காப்பி. மேல் காப்பி பெரிய அதிகாரிக்கு. கீழே போகப்போகத் தூரத்துத் தீவுகளுக்கு. ஆறாவது கட்சால் தீவுக்கு. சுசீலா புது மிஷினில் மழைத்தூறல் போல அடித்து முடித்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். அமுதம் இன்னும் பாதியில். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"பஸ் கரோ, போதும்மா, நேரமாச்சு" என்றார் ஜம்புலிங்கம்.

"கடேசி வரி சார்!" நிமிராமலே சொன்னாள். கடைசிப் புள்ளியை வைத்த பிறகுதான் விரலை எடுத்தாள்.

மேல் காப்பிகளைப் பார்த்தார்கள். சுசீலாவுடையது அச்சுப் போல அழகு. இவளுடையது கறுப்பாக, முரட்டுத்தனமாக. ஜம்புலிங்கம் சுசீலா பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார்.

"இருங்க" என்றார் சொக்கலிங்கம். கட்சால் ரப்பர் தோட்ட ஆபீஸிலிருந்து வேறு வேலையாக வந்தவர். தேர்வுக் குழுவில் ஓர் ஆள் குறைகிறதென்று பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். "மேலே இருக்கிறதை நான் என்னிக்குங்க பார்த்தேன்? எனக்கு வர்றது அடியில இருக்கிறதுதான்."

சுசீலாவின் ஆறாவது காப்பியை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். "அரிசிக் கப்பல்..." என்று இழுத்தவர், மங்கல் எழுத்தில் தேதியைத் தேடிக் களைத்துக் கீழே வைத்துவிட்டார். பாவம், சுசீலாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

அமுதத்தின் ஆறாவது காப்பியைக் கையில் எடுத்தார். எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல், எந்தத் தேதி, எத்தனை மூட்டை, எல்லாவற்றையும் ஒரு திக்கல் இல்லாமல் சத்தமாக வாசித்து முடித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு நாளா எங்களுக்குப் படிக்கிற மாதிரி அடிச்சு அனுப்பினது நீங்கதானாம்மா? வேற ஆள் அடிச்ச காப்பி வந்த மாசமெல்லாம் கப்பல் என்னிக்குன்னு தெரியாம, சனங்க சாக்கோட கப்பல்துறை ஜெட்டியிலயே கிடப்பாங்க."

ஜம்புலிங்கம் பேனாவை நகர்த்தி அமுதத்தின் பெயருக்கு நேரே 'நிரந்தரம்' என்று எழுதினார். எல்லோரும் எழுந்தார்கள். அமுதம் மட்டும் எழவில்லை. கண் கலங்கியிருந்தது, துடைக்கவுமில்லை.

"இன்னொருக்கா வாசிங்க சார்" என்றாள். "சிரிச்சவுக எல்லாம் இங்கனதான் நிக்காக."