மூன்று பேர் இருக்கும் கார்

அண்ணையின் கண்களைச் சர்க்கரை வியாதி தின்றுகொண்டிருந்தது. கோடை முடிவதற்குள் ஓட்டுநர் உரிமம் போய்விடும் என்று அவருக்கே தெரியும். அதற்குள் ஒருமுறை, தன் காரில், எங்கள் நகரத்து ஆற்றுத் தீவிலுள்ள கிராண்ட் பிரி கார்ப்பந்தயப் பாதையைச் சுற்றிவர வேண்டும். பந்தயம் இல்லாத நாட்களில் அங்கே யாரும் மெதுவாக ஓட்டலாம். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கார் எழுபதுகளில் பிரான்சில் செய்தது. நீல நிறம், கண்ணாடிநார் உடம்பு, இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின். ஒரே வரிசையில் மூன்று பேர் இருக்கலாம். நகரின் லாசால் பக்கம் ஒரு வாடகைக் கராஜில் வருடக்கணக்காக அதோடு மாரடித்தார். அந்தக் காலத்துப் பந்தயங்களைப் பற்றித் தொடங்கினால் எங்களுக்குச் சோறு ஆறிவிடும். "மோதினதுக்குத் தப்பினவங்களும் நெருப்புக்குத் தப்பேல்லை" என்பார்.

ஒரு ஞாயிறு காலை எஞ்சின் ஒழுங்காக ஓடியது. அணைத்துவிட்டு, தீவுக்குப் போவம் என்று எங்களைக் கூப்பிட்டார். தேசிக்காய் நசிக்காமல் நாங்கள் எந்த வண்டியையும் வீதிக்கு இறக்கமாட்டோம். அண்ணி நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார். அந்தக் கராஜில் எப்போதும் பெட்ரோல் மணம்தான், யாரும் பெரிதாக எடுக்கவில்லை. "கற்பூரத்தைத் தாரும், நான் காட்டுறன்" என்றார் அண்ணை. காட்டி முடித்துத் தட்டைக் காரின் பின்பக்கம் தரையில் வைத்தார். காய்ந்து வெடித்திருந்த ரப்பர்க் குழாய் ஒன்றிலிருந்து பெட்ரோல் அங்கேதான் சொட்டியிருக்கிறது.

கண்ணாடிநார் அப்படி எரியும் என்று நான் நினைத்ததேயில்லை. காரை நோக்கிப் போன அண்ணையை நானும் அண்ணியும் சேட்டுக் கொலரில் பிடித்து வெளியே இழுத்தோம். தீயணைப்பு வண்டி வந்தபோது சட்டகம்தான் மிச்சம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நெருப்பைப் பற்றி இவ்வளவு கதைத்த மனுசனுக்குக் காலடியில் கிடந்த ஈரம் தெரியவில்லையா?

இரண்டு கிழமை கழித்து என் காரில் அவரைத் தீவுக்குக் கூட்டிப்போனேன். நல்ல வெயில். பந்தயப் பாதையில் பாதித் தூரம் போனதும் ஓரமாக நிறுத்தினேன்.

"நீங்கள் ஓட்டுங்கோ, அண்ணை."

அவர் இறங்கவில்லை.

"எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை."

"எப்பயிருந்து?"

"பனி கரைஞ்சதிலயிருந்து."

அந்த ஞாயிறு, அண்ணியை நடுவிலும் என்னைக் கரையிலும் இருத்தி, இந்தக் கண்ணோடு நெடுஞ்சாலையில் ஏறத்தான் இருந்திருக்கிறார். கார் எரிந்ததால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

"அண்ணிக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.