அம்மா கேட்ட மூன்றாம் மாடி வீடு

அம்மாவின் அஸ்தியை ஊருக்கு, கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் ஏன் தேம்ஸ் ஆற்றோடு விட்டீர்கள் என்று இந்த ஒரு மாதத்தில் கேட்காத உறவினர் குறைவு. சிலர் என்னிடம் நேரே கேட்டார்கள். சிலர் மாமாவிடம் கேட்டார்கள், மாமா என்னிடம் கேட்டார். இறுதிச் சடங்கில் பேசிய எல்லோரும் "ஊர் நினைப்போடையே போய்ச் சேர்ந்திட்டா" என்று சொன்னபோது நானும் தம்பியும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றோம். விளங்கப்படுத்த அப்போது எங்களுக்குத் தெம்பு இருக்கவில்லை. அம்மா ஊர் நினைப்போடு போகவில்லை. அதைச் சொல்லத்தான் முப்பத்தோராம் நாளான இந்த அந்தியேட்டியில் உங்கள் கைக்கு வரும் நினைவு மலரில் நான் எழுதுகிறேன்.

அம்மா யாழ்ப்பாணம் வலிகாமத்தில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். தகப்பனாரைப் பதினாறு வயதில் இழந்தார். படிப்பை விட்டுத் தையல் மெசினில் உட்கார்ந்து, தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார். கடைசித் தம்பிதான் லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கும் எங்கள் மாமா. அம்மா சாந்தமானவர், யாரையும் கடிந்து பேசாதவர் என்றெல்லாம் இங்கே எழுதினால் மாமாவே முதலில் சிரிப்பார். அம்மாவின் வாய்க்குப் பயந்து, இந்த வயதிலும் அக்காவின் வீட்டு வாசலிலேயே சிகரெட்டை அணைத்துவிட்டு வந்தவர் அவர்.

நாட்டு நிலைமை கெட்டபோது அப்பா முதலில் ஜேர்மனிக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து அம்மா போனார். எல்லாம் தற்காலிகம் என்றுதான் பேச்சு. சண்டை முடியத் திரும்பிவிடலாம். அங்கே தங்கியிருக்க அவர்களுக்குக் கொடுத்த கடதாசியும் அப்படித்தான், சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அந்தக் கடதாசியின் பெயருக்குப் பொறுத்துக்கொள்வது என்று பொருளாம். "எங்களைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாங்கள்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்தத் தற்காலிகம் பதினேழு வருடம் நீண்டது. நானும் தம்பியும் அங்கேதான் பிறந்தோம். கடைசியில் பாஸ்போர்ட்டும் கிடைத்தது. ஆனாலும் அம்மா சுவரில் ஒரு ஆணி அடிக்க விடவில்லை. "போகேக்கை ஓட்டையை ஆர் அடைக்கிறது?" என்பார். சாமிப்படங்கள் எல்லாம் கதிரையிலே சாய்ந்துதான் இருந்தன.

தெற்கு ஜேர்மனியில் ஒரு சிறு நகரம் அது. கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படிக்கட்டைக் கூட்டித் துடைப்பது ஒரு கிழமை ஏழு நாளும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. எவருடைய முறையோ அவர்களுடைய கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். கிழமை முடிய அடுத்த கதவில் அதை மாட்டவேண்டும். எங்கள் முறை வந்தால் அம்மாவுக்கு அது திருவிழா மாதிரி. வெளிநாட்டுக்காரர் ஊத்தை என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது என்பதற்காக மூன்று மாடியையும் மூலை மூலையாகத் துடைத்துக்கொண்டு தெருக்கதவு வரைக்கும் இறங்குவார். அப்பா மேலே கைபிடியில் சாய்ந்து நின்று, "முடிஞ்சுதோ? தேத்தண்ணி ஆறுது" என்று குரல் கொடுப்பார். அம்மா சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரப் படியில் வெறுங்காலோடு ஏறி வருவார். நாங்கள் பள்ளிக்கூடத்தால் வந்தாலும் கீழேயே சப்பாத்தைக் கழற்றவேண்டும். அம்மாவின் படியில் சப்பாத்தோடு ஏற யாருக்கும் துணிவு வராது.

அந்த நாட்களில் அம்மா ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் வீட்டில் துப்புரவு வேலை செய்தார். கணவர் இராணுவத்தில் இருந்தவர். மூன்று வருடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். அந்த வீட்டு அன்ரிக்கும் அம்மாவுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மன் மட்டுமே. இரண்டு பேருக்கும் இரவல் மொழி. ஆனாலும் மணிக்கணக்கில் கதைப்பார்கள். அவர்களுடைய குசினியில் அடுப்பருகே தொங்கிய கலண்டரில், திரும்பிப் போகும் நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்ததாம். அம்மா அதை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "அவையளுக்குத் திகதி இருக்கு. எங்களுக்கு என்ன இருக்கு?"

அவர்கள் போகும்போது சாமான் கட்ட அம்மாதான் உதவினார். பெட்டிகளில் எல்லாம் கறுப்பு மையால் 'ஹோம்' என்று எழுதினார்களாம். மிஞ்சிய வெறும் பெட்டிகள் சிலவற்றை அம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவற்றிலும் அந்தச் சொல் எழுதியிருந்தது. அதே காலத்தில்தான் ஊரில் சமாதானம் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டது என்றார்கள். அப்பா தயங்கினார். "பிள்ளையளின்ரை படிப்பு குழம்பிப்போடும். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்றார். அம்மா விடவில்லை. "அமெரிக்கக்காரிக்குப் போக ஒரு வீடு இருக்கெண்டால் எனக்கும் ஒண்டு இருக்கு" என்றார். அந்தப் பெட்டிகளிலேயே எங்கள் சாமானும் கட்டப்பட்டது. ஊருக்குத் திரும்பியபோது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு ஏழு.

சமாதானம் நீடிக்கவில்லை. அதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நான்காம் வருடம் ஒரு காலை அப்பா பாண் வாங்கச் சைக்கிளில் போனார். சைக்கிள் சந்தியில் நின்றது. அப்பா வரவில்லை. அம்மா அவருடைய படத்தோடு ஏறாத அலுவலகம் இல்லை. நின்ற வரிசைகளில் எல்லாம் ஒரே பதில்தான், விசாரிக்கிறோம். இன்றுவரை விசாரிக்கிறார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, எங்கள் இரண்டு பேரையாவது காப்பாற்றவேண்டும் என்று அம்மா லண்டனுக்கு மாமாவிடம் வந்தார். ஜேர்மனிக்கே போயிருக்கலாமே, பாஸ்போர்ட் இருந்ததே என்று பலர் கேட்டார்கள். "அவரில்லாமல் அந்தப் படி ஏற என்னாலை ஏலாது" என்று அம்மா ஒருமுறை மட்டும் சொன்னார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஜேர்மனி என்ற பேச்சே இல்லை. நானும் தம்பியும் எங்களுக்குள் ஜேர்மனில் கதைத்தால், "அந்தப் பாஷையை என்ரை காதிலை போடாதையுங்கோ" என்பார். நாங்களும் மறந்துபோனோம்.

அம்மா பொட்டை அழிக்கவில்லை. அப்பாவுக்குத் திவசம் செய்யவில்லை. பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றில் அதிகாலை ஷிப்ட் பார்த்து எங்கள் இரண்டு பேரையும் படிப்பித்தார். அப்பா இறந்துவிட்டார் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. நல்லது கெட்டதுக்கு யார் வந்தாலும், 'அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தானே' என்ற எண்ணம் அம்மாவின் முகத்தில் வந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் அடுப்பு, பிறகு ஆட்கள். போன வருடத்தில் இருந்து ஒரே பேச்சு. "எங்கடை முறை வந்திட்டுது பிள்ளை. வீட்டை போகவேணும்." கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார். மாமாதான் முதலில் பிடித்துக்கொண்டார். ஊர்க்கோயிலில் ஐந்தாம் திருவிழா அம்மாவின் தகப்பன் வழிக் குடும்பத்தின் உபயம். "அக்கா எங்கடை திருவிழா முறையைக் கேக்கிறா" என்று மாமா அழுதார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. வேறு என்ன முறை இருக்கிறது? டொக்டரிடம் கேட்டு, தம்பி லீவு போட்டு, திருவிழாவுக்கு இரண்டு நாள் முன் போய் இறங்கும்படி டிக்கெட் எடுத்தோம். புண்ணியம் செய்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது.

இப்போது யோசித்தால் அம்மா சொன்ன சொல்லிலேயே விடை இருந்தது. இங்கே நாங்கள் யாராவது நாட்டுக்குப் போனால் 'ஊருக்குப் போறன்' என்றுதான் சொல்வோம். அம்மா ஒரு நாளாவது 'ஊருக்கு' என்று சொல்லவில்லை. 'வீட்டை போகவேணும்' என்றுதான் சொன்னார். எங்களுக்குக் காது இருந்தது, கேட்கவில்லை.

கோயிலில் நெரிசலுக்குப் பயந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் சாமிக்கு முன்னே கொண்டுபோய் நிறுத்தினோம். கும்பிடவில்லை. "இது ஆரின்ரை இடம்?" என்று கேட்டார். அடுத்த நாள் காலை நான் எழும்பிப் பார்த்தபோது, அம்மா தரை கூட்டும் தும்புத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்துகொண்டிருந்தார். நாங்கள் தங்கியது நிலத்தோடு கட்டிய, மாடி இல்லாத வீடு.

"என்னம்மா தேடுறியள்?"

"படி எங்கை பிள்ளை? இந்தக் கிழமை எங்கடை முறை. பலகை கதவிலை தொங்குது, நீ காணேல்லையோ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய அந்த நிமிடத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும். பயணக் களைப்பு, நித்திரையின்மை, இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிட்டதே என்ற எரிச்சல்.

"இஞ்சை படி இல்லையம்மா. இது ஊர்" என்றேன்.

"அப்பா மேலை பாத்துக்கொண்டு நிப்பார். தேத்தண்ணி ஆறப்போகுது."

"அப்பா இல்லையம்மா. அப்பா செத்துப்போனார். எத்தினை வருசமாச்சு."

சொல்லிவிட்டேன். அம்மா தும்புத்தடியை மெல்லச் சுவரில் சாத்தினார். "எப்ப?" என்றார். "இஞ்சையோ?" என்றார். "ஆர் அவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தது?" என்று கேட்டார். அம்மா அவ்வளவு வருடமும் காத்துவந்த பொட்டைச் சேலைத் தலைப்பால் தானே அழித்தார். அழித்த பிறகு அழுத அழுகை அயலட்டைக்கெல்லாம் கேட்டது. தம்பி ஓடிவந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மத்தியானத்துக்குள் அம்மா எல்லாவற்றையும் மறந்துவிட்டார். "எப்ப வீட்டை போறம்?" என்று மறுபடியும் கேட்டார். எனக்கு அந்த மறதி கிடைக்கவில்லை.

மரண அறிவித்தலில் அப்பாவின் பெயருக்கு முன்னே 'காலஞ்சென்ற' என்று போடாததைப் பிழை என்று உங்களில் சிலர் சுட்டிக்காட்டினீர்கள். பிழையில்லை. அந்தச் சொல்லை நான் ஒருமுறை சொல்லிவிட்டேன், இரண்டாம் முறை அச்சில் சொல்ல மனம் வரவில்லை. கீரிமலையும் அதனால்தான். அம்மாவின் விருப்பம் இல்லாமல் அவரை இன்னொருமுறை அந்த மண்ணுக்குக் கொண்டுபோக என்னால் ஏலாது.

லண்டன் திரும்பியதும் அம்மாவை ஜேர்மனிக்குக் கூட்டிப்போய் அந்தத் தெருவிலாவது நிறுத்தவேண்டும் என்று நானும் தம்பியும் தீர்மானித்தோம். டொக்டர் இனி விமானம் கூடாது என்றுவிட்டார். சில கிழமையில் நெஞ்சில் சளி கட்டி, அம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அம்மாவின் கடைசி நாட்களில் துணை நின்ற எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும். தினமும் கஞ்சி வைத்து ரயில் ஏறிவந்த மாமிக்கும், அக்காவின் கட்டிலருகே பேசாமல் இருந்த மாமாவுக்கும், கவுன்சிலில் இருந்து வந்து அம்மாவைக் குளிப்பாட்டித் தலைசீவிய பெண்ணுக்கும், வார்ட்டில் பார்த்த நேர்ஸ்மாருக்கும், கிரியைகளை நடத்திவைத்த ஐயாவுக்கும், எட்மண்டனிலும் அப்டன் பார்க்கிலும் இருந்து மழையென்றும் பாராமல் வந்து எங்கள் தோளைத் தொட்ட உங்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி இருக்கிறது. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலை வார்ட்டுக்குத் தள்ளிவந்த வயதான மனிதர். லிஃப்டுக்குள் போனதும் ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்தினார். அம்மா கண்ணைத் திறந்தார்.

"எத்தினையாம் மாடி?"

"மூண்டு, அம்மா" என்றேன்.

அம்மா என்னை நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்கு அம்மாவின் தலைக்குப் பின்னால் மூன்று விரலைக் காட்டினேன். அவர் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்த ஐந்தாம் பொத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து அம்மாவுக்கு நேரே தன் மூன்று விரலைக் காட்டித் தலையசைத்தார். அம்மாவின் முகம் தெளிந்தது.

"சப்பாத்தைக் கழட்டு பிள்ளை" என்றார். "படி ஈரம்."

கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கதவு திறந்தபோது வார்ட்டுக்குள் வெறுங்காலோடுதான் போனேன், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் அம்மா எங்களோடு இருந்தார். வீட்டை போவம் என்று ஒருதடவையும் கேட்கவில்லை.