வெள்ளிப் பெயின்ட் புகுந்த விரிசல்

கிரேன் கொக்கி ஓவர்லோடால் உடைந்தது என்று அறிக்கை எழுதியவன் நான்தான். அது பொய். அந்தப் பொய்யால் கிரேன் ஆபரேட்டர் பாண்டிக்கு வேலை போனது.

திருமங்கலம் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் அப்போது நான் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். உலோகவியலில் முதுகலை படித்தவன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் கழுவிப் பெயின்ட் அடிப்பார்கள். கொக்கியைத் துடைத்தபோது உள்வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. டை பெனட்ரன்ட் சோதனை செய்திருக்க வேண்டும். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசலுக்குள் தங்கிய சாயம் கோடாகக் கசியும். ஆனால் பூஜைக்குப் பொரிகடலை வந்து இறங்கிவிட்டது, முதலாளி அவசரப்படுத்தினார்.

"சின்னதுதான், பெயின்ட அடிங்கப்பா" என்றேன். அடித்து, அதன்மேல் குங்குமப் பொட்டும் வைத்தார்கள்.

உலோகம் எப்படி முறிகிறது என்று சொல்லும் ஃப்ராக்சர் மெக்கானிக்ஸின் முதல் பாடத்திலேயே இது வரும். இரும்பு எவ்வளவு தாங்கும் என்பது அதிலுள்ள விரிசலின் நீளத்தையும் பொறுத்தது. பாரம் தூக்கும்போது உலோகத்துக்குள் உண்டாகும் தகைவு விரிசலின் நுனியில் குவிகிறது. ஒவ்வொரு தூக்கலுக்கும் விரிசல் கொஞ்சம் வளர்கிறது. ஒரு நீளத்தைத் தாண்டிவிட்டால் வழக்கமான பாரமே போதும், சட்டென்று முறியும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

சில வாரங்களில் கொக்கி முறிந்தது. அதில் தொங்கிய வார்ப்பு அச்சுப்பெட்டி விழுந்து நொறுங்கியது. நல்லவேளை, கீழே ஆளில்லை.

"எம்புட்டுடா ஏத்துன?" என்று முதலாளி கத்தினார்.

"தினம் தூக்குற அதே பெட்டிதாண்ணே!" என்றார் பாண்டி.

கொக்கித் துண்டின் முறிந்த பரப்பைப் பார்த்தேன். ஓரத்தில் பிறை வடிவில் வெள்ளிப் பெயின்ட். பூஜைக்கு முன்பே திறந்திருந்த விரிசலுக்குள் புகுந்தது. அதன் அர்த்தம் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பதவி போய்விடும் என்று பயந்து, துண்டை அலமாரியில் பூட்டிவிட்டு அறிக்கையை எழுதினேன்.

மறு வருடம் பூஜைக்குப் பெயின்ட் டப்பா வந்து இறங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. துண்டை முதலாளி மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "படிச்ச ஆளுன்னு நம்புனேனேய்யா" என்றார். என்னைப் பதவி இறக்கினார். பாண்டியை அழைக்கச் சொன்னார். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த பாண்டியின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்லி என்ன சார்? எம் மாமனாரு ஒரு வருசமா, 'வாங்க மாப்ள, இன்னைக்கு என்னத்த ஒடச்சீக'ன்னுதான் கேக்குறாரு. அவருகிட்டச் சொல்லுங்க."

அவரிடமும் சொன்னேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்புட்டுப் படிச்சது இதுக்குத்தானா?"

பாண்டி திரும்பி வந்தார். அந்த வருடம் பெயின்டை நிறுத்திவைத்து, கொக்கிக்குச் சாயம் பூசினேன். முதலில் சத்தம் போட்டவர் அவர்தான்.

"புதுக் கொக்கி சார், அதுல என்ன இருக்கப் போகுது? பூசைக்கு நேரமாச்சு!"

"ஒதுங்கு பாண்டி."

வெள்ளையில் ஒரு கோடும் வரவில்லை. "நான்தான் சொன்னேன்ல?" என்று முறைத்துவிட்டு அவரே பெயின்ட் அடித்தார். நான் ஓய்வு பெறும்வரை வருடா வருடம் இதே சண்டைதான். இளைஞர்களே, கோடு வராத நாளில் எல்லோரும் உங்களைத் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒரே ஒருமுறை அதற்குப் பயந்தேன்.